கேட்ட கணத்தில் விடை

சர் சி. வி. இராமன் பிறந்த ஊர் எது? இக்கேள்வியைக் கைப்பேசியிடம் கேட்டால், கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் ‘திருச்சிராப்பள்ளி’ என்று விடை வந்து நிற்கிறது. 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் நம் நகரின் திருவானைக்காவலில் பிறந்து, 1930-ஆம் ஆண்டில் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு பெற்ற அப்பெருமகனாரைப் பற்றி எத்தனையோ நூல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைக்கூடப் புரட்டாமலே நமக்கு வேண்டிய ஒற்றைச் சொல் கைக்கு வந்துவிடுகிறது!

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தேடுபொறிகள் பொதுவாக இப்படி விடை கூறியதில்லை. இன்னின்ன பக்கங்களில் இச்செய்தி இருக்கக்கூடும் என்று ஒரு நீண்ட பட்டியலை நம்முன் வைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, படித்து, விடையைக் கண்டுபிடிப்பது நம் வேலையாக இருந்தது. வழிகாட்டியாக இருந்த பொறி, விடை சொல்லும் ஆசானாக மாறியது எவ்வாறு? அதனால் நமக்கு விளைந்த நன்மை யாது? நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் எது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மனப்பாடத்திலிருந்து அகர வரிசைக்கு

தேடுதல் என்பது கணிப்பொறியோடு பிறந்த கலையன்று. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் நம் முன்னோர் நிகண்டுகளை நாடினர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்தவை. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வகையால் தொகுக்கப்பெற்றவை. ஒரு சொல்லை உடனே எடுத்துக் காட்ட வேண்டுமாயின், நிகண்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். மாணவரின் நினைவாற்றலே அன்று தேடுபொறியாக இருந்தது எனலாம்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டில் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்த இவர், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1732-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய ‘சதுரகராதி’ பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. செய்யுளை விடுத்து, சொற்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பொருளைத் தமிழிலேயே தந்தார். அதனால் விளைந்த நன்மை என்ன? நூல் முழுவதையும் அறியாத ஒருவரும், அரிச்சுவடி மட்டும் தெரிந்திருந்தால், தமக்கு வேண்டிய ஒரு சொல்லை நேரே சென்று எடுத்துக்கொள்ளலாம். நேர் விடையை நோக்கித் தமிழ் எடுத்து வைத்த பெரிய அடிகளுள் இதுவும் ஒன்று.

சொல்லடைவு என்னும் திறவுகோல்

அகராதி ஒரு சொல்லின் பொருளைச் சொல்லும். ஆனால், ஒரு சொல் எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்று எப்படி அறிவது? இதற்கும் விடை கண்டவர்கள் துறவியரே என்பதை அறியும்போது வியப்பு மேலிடுகிறது.

ஏறத்தாழ 1230-ஆம் ஆண்டளவில், பாரிஸ் நகரில் புனித சாமிநாதர் சபைத் துறவியான செயிண்ட் ஷேர் ஹியூ என்பவர் தம் சபைச் சகோதரர்கள் பலரின் துணையோடு இலத்தீன் விவிலியத்திற்கு ஒரு சொல்லடைவு தயாரித்தார். விவிலியத்தில் வரும் ஒவ்வொரு முக்கியமான சொல்லையும் வரிசைப்படுத்தி, அது எந்த நூலில், எந்த அதிகாரத்தில் வருகிறது என்று குறித்தார்கள். அக்காலத்தில் விவிலியத்திற்கு வசன எண்கள் கிடையா. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எழுத்தை அடையாளமாக இட்டார்கள். ‘மேய்ப்பன்’ என்ற சொல் எங்கெங்கு வருகிறது என்று ஒரு குருவானவர் அறிய விரும்பினால், விவிலியம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. சொல்லடைவைத் திறந்தால் போதும்!

இன்றைய தேடுபொறியின் வயிற்றுக்குள் இருப்பதும் இத்தகைய சொல்லடைவே. ‘சிலந்தி’ என்று அழைக்கப்படும் ஒரு நிரல், இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தாவித் தாவிச் சென்று, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்துக்கொண்டே இருக்கிறது. நாம் பொத்தானை அழுத்தும்போது பொறி உலகம் முழுவதையும் தேடுவதில்லை. முன்னதாகவே ஆயத்தம் செய்து வைத்த அடைவைத்தான் பார்க்கிறது. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து ஒரு நொடிக்குள் விடை வரும் இரகசியம் இதுவேயாகும்.

நூலகர் காட்டிய வழி

தேடுதலை ஒரு விஞ்ஞானமாக வளர்த்த தமிழர் ஒருவரை இங்கே நினைவு கூர்வது நம் கடமை. சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர். 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலக விஞ்ஞானத்தின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகத் துறை மாணவர்களுக்குப் பாடமாக உள்ளன. நாடி வரும் வாசகரின் நேரத்தை வீணாக்காமல் காக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது விதியின் கருத்து. இன்றைய நேர் விடைக்கு அடிப்படையான எண்ணமும் இதுதானே!

நல்ல நூலகர் ஒருவரிடம் சென்று, “கல்லணையைக் கட்டிய மன்னர் யார்?” என்று கேட்டால், அவர் நூலைத் திறந்து, உரிய வரியின் மீது விரலை வைத்துக் காட்டுவார். ‘கரிகாலன்’ என்ற விடை கிடைக்கும். அது எந்த நூலில் உள்ளது என்பதும் தெரிந்துவிடும். விடையும் அதன் இருப்பிடமும் ஒருசேரக் கிடைத்தன என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா அவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். பொறியியலாளரான அவர், ஜூனியர் விகடன் இதழில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற பகுதியில் வாசகர்களின் விஞ்ஞானக் கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுதினார். கேள்வியை எழுதி அனுப்பிவிட்டு, அது அச்சில் வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டும். ஆயினும் விடையளிப்பவர் இன்னார் என்று வாசகருக்குத் தெரியும். அது பிழையாக இருந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் தெரியும்.

பட்டியல் நீட்டிய பொறிகள்

இனி இணையத்திற்கு வருவோம். 1990-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், பார்படோஸ் தீவைச் சேர்ந்த ஆலன் எம்டேஜ் என்பவர் ‘ஆர்ச்சி’ என்னும் தேடுபொறியை உருவாக்கினார். கோப்புகளின் பெயர்களை மட்டுமே அது தேடியது. கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நூலின் அட்டையை மட்டும் படிக்கத் தெரிந்த நூலகரைப் போன்றது அது!

1994-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ ஆகிய இருவரும் தொடங்கிய ‘யாகூ’, இணையப் பக்கங்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கியது. இது நூலக முறை. அதே ஆண்டில் வந்த ‘வெப்கிராலர்’, பக்கத்திற்குள் உள்ள எல்லாச் சொற்களையும் தேட வழி செய்தது. 1995-ஆம் ஆண்டு இறுதியில் ‘ஆல்டாவிஸ்டா’ இதைப் பேரளவில் செய்து காட்டியது. ஆயினும் ஒரு சொல்லைக் கேட்டால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து குவிந்தன. எதை முதலில் படிப்பது?

இச்சிக்கலைத் தீர்த்தது 1998-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘கூகுள்’. லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரின் எண்ணம் எளிமையானது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் திருச்சி பெரிய கடை வீதியில் நல்ல துணிக்கடை எது என்று விசாரிப்பதாக வைத்துக்கொள்வோம். பலரும் ஒரே கடையைச் சுட்டிக் காட்டினால் அவர் அதையே முதலில் நாடுவார். அதிலும், பலரால் மதிக்கப்படும் ஒருவர் சுட்டிக் காட்டினால் அதற்கு மதிப்பு அதிகம். அவ்வாறே, மற்றப் பக்கங்கள் எந்தப் பக்கத்திற்கு இணைப்புக் கொடுக்கின்றனவோ அப்பக்கத்தைக் கூகுள் முன்னால் வைத்தது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பலர் சுட்டுவதால் ஒரு கடை புகழ் பெறலாம். புகழ் வேறு, உண்மை வேறு!

கேள்வியைக் கேள்வியாகவே கேட்டவர்கள்

சொல்லைத் தேடுவது ஒன்று, கேள்விக்கு விடை சொல்வது மற்றொன்று. இரண்டாவது முயற்சி இணையத்திற்கும் முற்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் வுட்ஸ் என்பவர் ‘லூனார்’ என்ற முறையை அமைத்தார். அப்பல்லோ விண்கலங்கள் நிலவிலிருந்து கொண்டுவந்த கற்களைப் பற்றி விஞ்ஞானிகள் சாதாரண ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்கு அது விடை தந்தது. ஆனால் நிலவுக் கல்லைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. 1993-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் போரிஸ் காட்ஸ், ‘ஸ்டார்ட்’ என்னும் விடையளிக்கும் முறையை இணையத்திலேயே ஏற்றி வைத்தார்.

1997-ஆம் ஆண்டில் ‘ஆஸ்க் ஜீவ்ஸ்’ என்ற தேடுபொறி பொதுமக்களுக்கு வந்தது. வுட்ஹவுஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதைகளில் எதைக் கேட்டாலும் விடை சொல்லும் பணியாளன் ஜீவ்ஸ். அவன் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். வீட்டில் பேசுவது போல முழு வாக்கியமாகக் கேட்கலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் உள்ளே நடந்தது என்ன? மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு உரிய பக்கங்களை மனிதர்களே முன்கூட்டித் தேர்ந்து வைத்திருந்தார்கள். புதுக் கேள்விகள் பெருகப் பெருக, மனிதக் கைகளால் ஈடு கொடுக்க இயலவில்லை.

சொல்லிலிருந்து பொருளுக்கு

2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் கூகுள் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தது. ‘அறிவு வலைப்பின்னல்’ என்று தமிழில் சொல்லத்தக்க அம்முறையை அறிவித்தவர் உத்தரப் பிரதேசத்தில் பிறந்த அமித் சிங்கால். சொற்களை வெறும் எழுத்துக் கோவைகளாகப் பாராமல், அவை குறிக்கும் பொருள்களைப் பொறி அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். தொடக்கத்திலேயே அதில் 50 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களும், அவற்றைப் பற்றிய 350 கோடிக்கும் மேற்பட்ட செய்திகளும் இருந்தன என்று கூறப்பட்டது.

நம் ஊரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளங்கிக்கொள்வோம். திருச்சி, திருச்சிராப்பள்ளி, ஆங்கிலேயர் வழங்கிய டிரிச்சினாப்பள்ளி ஆகிய மூன்று பெயர்களும் ஒரே ஊரைக் குறிக்கும். திருவரங்கமும் ஸ்ரீரங்கமும் ஒன்றே. ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணம் என்பது கர்நாடக மாநிலத்தில் உள்ள வேறோர் ஊர். வேடிக்கை என்னவென்றால், அதுவும் காவிரி நடுவே உள்ள தீவு. அங்கும் அரங்கநாதர் கோயில் உண்டு! எழுத்தை மட்டும் பார்க்கும் பொறி இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும். பொருளை அறிந்த பொறி வேறு பிரித்துக் காணும்.

இவ்வலைப்பின்னலில் ஒவ்வொரு செய்தியும் மூன்று முடிச்சுகளாக இருக்கும். ‘இராமன் – பிறந்த ஊர் – திருச்சிராப்பள்ளி’ என்பது ஒன்று. ‘இராமன் – பெற்ற பரிசு – நோபெல்’ என்பது மற்றொன்று. ‘திருச்சிராப்பள்ளி – அமைந்த மாநிலம் – தமிழ்நாடு’ என்பது இன்னொன்று. நாம் கேட்ட கேள்வியில் இரண்டு முடிச்சுகள் இருந்தால், மூன்றாவதைப் பொறி நிரப்பித் தருகிறது. விக்கிப்பீடியா முதலிய கலைக்களஞ்சியங்களிலிருந்தும் இம்முடிச்சுகள் திரட்டப்பட்டன.

எல்லாச் செய்திகளையும் முடிச்சாகக் கட்ட முடியாதல்லவா? ‘வானம் ஏன் நீலமாக உள்ளது?’ என்பதற்கு ஒரு சொல்லில் விடை இல்லை. ஆகவே 2014-ஆம் ஆண்டு முதல், ஏதேனும் ஒரு பக்கத்திலிருந்து பொருத்தமான ஒரு பத்தியைப் பெயர்த்தெடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டத்துக்குள் வைக்கும் வழக்கம் வந்தது.

2019-ஆம் ஆண்டில் ‘பெர்ட்’ என்னும் முறை தேடலில் சேர்க்கப்பட்டது. அதுவரை தேடுபொறிகள் பெரிய சொற்களைக் கவனித்த அளவுக்குச் சிறு இடைச்சொற்களைக் கவனிக்கவில்லை. ‘திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயில்’ என்பதும் ‘சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயில்’ என்பதும் பெயர்ச்சொற்களால் ஒன்றே. வேற்றுமை உருபு இடம் மாறியதால் பயணத்தின் திசையே மாறிவிடுகிறது. இதுபோன்ற நுண்ணிய வேறுபாட்டைச் சொற்களின் சூழலைக் கொண்டு உணரப் பொறி பழக்கப்பட்டது. இலக்கண வகுப்பில் வேற்றுமையைப் படிக்கச் சலித்துக்கொள்ளும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

2022-ஆம் ஆண்டு நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும், கூகுள் தன் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடையைத் தரத் தொடங்கியது. முன்பு பொறி பிறர் எழுதிய பத்தியைப் பெயர்த்துக் காட்டியது. இப்போது பல பக்கங்களைப் பார்த்துத் தானே புது வாக்கியங்களைத் தொடுக்கிறது. கோடிக்கணக்கான பக்கங்களைப் பயின்று, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருதல் பொருந்தும் என்று கணித்து எழுதும் ஆற்றல் அது. பொருந்தும் சொல் எல்லாம் உண்மையான சொல் ஆகிவிடுமா? அங்கேதான் நம் விழிப்புத் தேவைப்படுகிறது.

தமிழில் கேட்டால்?

தமிழ் தேடுபொறிக்குள் நுழைந்த கதை தனிக் கதை. தொடக்க காலத்தில் இணையத்தில் தமிழ் எழுதியோர் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தனர். ஒருவர் ‘அ’ என்று எழுதியது மற்றவர் கணிப்பொறியில் வேறு குறியாகத் தெரிந்தது. இந்நிலையில் பொறி எதைத் தேடும்? 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாடு இதை ஒழுங்குபடுத்த முயன்றது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறை பரவிய பின்னரே தமிழ்ப் பக்கங்கள் யாவும் ஒரே எழுத்து முறையில் தேடக் கிடைத்தன.

இரண்டாவது தடை நம் மொழியின் இயல்பு. ‘மரம்’ என்ற சொல் ‘மரத்தை’, ‘மரத்தில்’, ‘மரங்களுக்கு’ என்றெல்லாம் உருமாறும். ஈற்றில் உள்ள ‘ம்’ காணாமலே போய்விடும். இவை யாவும் ஒரே மரம் என்று நமக்குத் தெரியும். பொறிக்கு அதைக் கற்றுத்தர வேண்டியிருந்தது. 2017-ஆம் ஆண்டில் தமிழில் வாயால் பேசியே கேட்கும் வசதியும் கூகுளில் வந்தது. எழுதத் தெரியாத பாட்டிமாரும் இன்று கைப்பேசியிடம் கேள்வி கேட்கிறார்கள். இது சாதாரண நன்மையன்று!

மூன்றாவது தடையோ இன்னும் நீங்கவில்லை. பொறி தானாக எதையும் அறியாது. எங்கோ எவரோ எழுதி வைத்ததைக் கொண்டே விடை சொல்கிறது. 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஊதியம் பெறாத தன்னார்வலர்களின் உழைப்பு அது. ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் இருப்பவையோ 60 இலட்சத்துக்கும் மேல். ஆகவே அதே கேள்விக்கு ஆங்கிலத்தில் கிடைக்கும் விடை செழிப்பாகவும் தமிழில் கிடைப்பது மெலிவாகவும் இருப்பதில் வியப்பென்ன?

ஒரே குரலில் மூன்று வகை விடைகள்

நேர் விடையில் உள்ள பெரிய இடர் எது என்று கேட்டால், அது எப்போதும் பொய் சொல்கிறது என்பதன்று. பெரும்பாலும் அது சரியாகவே சொல்கிறது. இடர் என்னவெனில், எல்லா விடைகளையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்கிறது. ஆனால் கேள்விகளோ ஒரே வகையின அல்ல.

முதல் வகை, ஐயமற்ற விடை உள்ள கேள்விகள். இராமன் பிறந்த ஊர், நோபெல் பரிசு பெற்ற ஆண்டு ஆகியவை இவ்வகை. இவற்றுக்கு நேர் விடை நல்ல துணை.

இரண்டாம் வகை, எண்ணும் முறையையும் அளக்கும் முறையையும் பொறுத்த கேள்விகள். மலைக்கோட்டைக்கு எத்தனை படிகள்? 417 என்று ஒரு பக்கம் சொல்லும்; 437 என்று வேறொரு பக்கம் சொல்லும். 1987-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் குடமுழுக்குக் கண்ட திருவரங்கத்து இராஜகோபுரம் பதின்மூன்று நிலைகள் உடையது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதன் உயரமோ 236 அடி என்றும் 239 அடிக்கு மேல் என்றும் இருவிதமாகக் காணப்படுகிறது. பட்டியல் காலத்தில் இரண்டு பக்கங்களையும் நாம் பார்ப்போம். இரண்டு எண்கள் இருப்பதைக் கண்டு, ஏன் என்று சிந்திப்போம். அடிவாரத்து மாணிக்க விநாயகர் சன்னதியிலிருந்து எண்ண வேண்டுமா? தாயுமானவர் சன்னதிக்குச் செல்லும் படிகளையும் சேர்க்க வேண்டுமா? கோபுரத்தைக் கலசத்தோடு அளப்பதா, கலசம் நீக்கி அளப்பதா? நேர் விடையோ ஒரே ஓர் எண்ணை மட்டும் காட்டுகிறது. அதைக் கண்டவுடன் மேற்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி நம் மனத்தில் எழாமலே போய்விடுகிறது.

மூன்றாம் வகை, ஆளையும் நிலைமையையும் அறிந்தாலன்றி விடை சொல்ல இயலாத கேள்விகள். பாட்டி காலையில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட மறந்துவிட்டார். இரவில் இரண்டாகக் கொடுக்கலாமா? இப்படிக் கேட்கும் பேத்தியின் கைப்பேசிக்குப் பாட்டியின் வயது தெரியாது. அவருக்கு வேறென்ன நோய் என்பதும் தெரியாது. அவர் உண்ணும் மற்ற மாத்திரைகளும் தெரியா. ஆனால் விடை மட்டும் அதே உறுதியான குரலில் வரக்கூடும்! இங்கே நாம் நாட வேண்டியவர் மருத்துவரே அன்றிப் பொறியன்று.

பொறி தவறிய சான்றும் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், பீட்சா ரொட்டியில் பாலாடைக்கட்டி வழுக்கி விழாமலிருக்க என்ன செய்வது என்று கேட்டபோது, சிறிதளவு பசையைச் சேர்க்கலாம் என்று கூகுளின் சுருக்க விடை கூறியது. எவரோ பல ஆண்டுகளுக்கு முன் விளையாட்டாக எழுதிய வரியை அது மெய்யென்று கொண்டுவிட்டது. பசை விஷயத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மருந்து விஷயத்தில் சிரிக்க முடியுமா?

நாம் செய்யத்தக்கவை

அப்படியானால் நேர் விடைகளை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அகராதி வந்ததால் நிகண்டை மனப்பாடம் செய்யும் உழைப்புக் குறைந்தது. அதற்காக வீரமாமுனிவரை எவரும் குறை கூறவில்லை. மிஞ்சிய நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

முதலாவதாக, விடைக்குக் கீழே அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் இணைப்பைத் திறந்து பார்ப்போம். நூலகர் விரல் வைத்துக் காட்டிய வரி அங்கேதான் உள்ளது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்போம்.

இரண்டாவதாக, வேறொரு சான்றையும் ஒப்பிடுவோம். ஒரு பக்கத்தைப் பார்த்துப் பத்துப் பக்கங்கள் நகல் எடுத்திருந்தால், அவை பத்துச் சாட்சிகள் ஆகா, ஒரே சாட்சிதான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தது, கைப்பேசித் திரையில் காண்பதற்கும் பொருந்தும்.

மூன்றாவதாக, நேரில் சென்று அறியக்கூடியதை நேரில் அறிவோம். மலைக்கோட்டை நம் கண்ணெதிரே நிற்கிறது. இரு குழுவாகப் பிரிந்து, எந்தப் படியில் தொடங்கினோம், எந்தப் படியில் முடித்தோம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே ஏறினால், இரண்டு எண்களுள் எது சரி என்பது மட்டுமன்று, ஏன் இரண்டு எண்கள் வந்தன என்பதும் விளங்கிவிடும். அவ்விடையை எந்தப் பொறியும் நமக்குத் தரவில்லை. நாமே பொறிக்குத் தரலாம்.

ஆம், நான்காவது கடமை அதுவே. இன்று பொறி தமிழில் மெலிந்த விடை தருகிறதென்றால், நேற்று தமிழில் எழுதியோர் குறைவு என்பது பொருள். நம் ஊரின் உய்யக்கொண்டான் கால்வாய், பழைய ஆலயங்கள், கடைவீதிகள், பாட்டிமார் சொல்லும் கைவைத்தியங்கள் ஆகியவை பற்றி எவ்வளவு எழுத வேண்டியுள்ளது! விசாரித்து, சரிபார்த்து, சான்றோடு நாம் இன்று எழுதினால், நாளை சிங்கப்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சிறுமி தமிழில் கேட்கும் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும். பிழையாக எழுதினாலோ, அப்பிழையே ஆயிரம் கைப்பேசிகளில் உண்மை போல ஒலிக்கும். எழுதுகோல் பிடிப்பவருக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேறில்லை.

அன்புத் தோழியரே! மொழி தெரியாத நாட்டுக்கு வந்து, தமிழைப் பயின்று, ஓலையும் எழுத்தாணியும் கொண்டு ஒவ்வொரு சொல்லாக அடுக்கி வைத்தார் வீரமாமுனிவர். அவர் அடுக்கி வைத்ததால் பிறர் தேடி எடுக்க முடிந்தது. இன்று தேடி எடுக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். அடுக்கி வைக்கும் பணியிலும் நமக்குப் பங்கு உண்டு என்பதை மனத்தில் கொண்டு, அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்தே தொடங்குவோமா?